ஃபிளிண்ட் குடிநீரில் ஈயம்: யார் எண்ணினார்கள், எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளூர்த் தரவை வைத்து மக்கள் நலத்தை மேம்படுத்துவது பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் வரும் புலம்பல், "எங்களிடம் தரவே இல்லை" என்பதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட் நகரத்தில் அப்படி இல்லை. அங்கே குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் மருத்துவமனைக் கணினியில் இருந்தன, மாநில சுகாதாரத் துறையிடமும் இருந்தன. குழாய்த் தண்ணீரைச் சட்டப்படி சோதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த வீட்டுக்கு எந்த உலோகத்தில் குழாய் போகிறது என்பதுகூட நகராட்சி அலமாரியில் அட்டை அட்டையாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவும் இருந்தும் ஊர் ஒன்றரை வருடம் ஈயம் கலந்த தண்ணீரைக் குடித்தது. தரவு இல்லாததால் வந்த கேடு இல்லை இது. எந்த வீட்டைச் சேர்ப்பது, எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது, ஊரின் எல்லை என்று எதை எடுத்துக்கொள்வது என்ற சின்னச் சின்ன முடிவுகள்தான் யாருடைய பாதிப்பு கண்ணில் படும், யாருடையது படாது என்பதைத் தீர்மானித்தன. இந்த ஆய்வில் நான் பார்க்கப்போவது அந்த முடிவுகளைத்தான். அரசியலையும் நீதிமன்றத்தையும் தேவைப்படும் அளவுக்கு மட்டும்.

நடந்தது சுருக்கமாக

ஃபிளிண்ட் ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளால் வாழ்ந்த ஊர். ஆலைகள் மூட மூட மக்களும் கிளம்பினார்கள். 2014 வாக்கில் மீதி இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பத்துக்கு நான்கு பேர் வறுமையில். நகராட்சியின் நிதி நிலைமை மோசமாகி, மாநில அரசு அவசரகால மேலாளர் ஒருவரை நியமித்திருந்தது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயருக்கும் நகர மன்றத்துக்கும் பெரிதாக அதிகாரம் கிடையாது. 1967 முதல் டெட்ராய்ட் நகரத்திடமிருந்து ஹூரான் ஏரித் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள், செலவைக் குறைப்பதற்காக, புதிய குழாய்த் திட்டம் ஒன்று முடியும்வரை தற்காலிகமாக ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். நாள்: 2014 ஏப்ரல் 25.

டெட்ராய்ட் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலந்திருக்கும். அது குழாயின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி, ஈயம் தண்ணீரில் கரைந்து வராமல் தடுக்கும். ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம், உலோகத்தை அரிக்கும் தன்மையும் அதிகம், ஆனால் அதில் அரிப்புத் தடுப்பு எதையும் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் கழன்றது. அந்தக் கோடையில் கோலிஃபார்ம் கிருமி தென்பட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்புகள் வந்தன. தண்ணீரின் நிறம், நாற்றம், உடம்பில் தடிப்பு என்று மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் புகார் சொன்னார்கள். 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆலை, உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி நகராட்சித் தண்ணீரை நிறுத்திவிட்டு வேறு இணைப்புக்குப் போனது. உள்ளூர்த் தரவு என்றால் இதுவும்தான். ஆலை தன் பாகங்களைப் பார்த்தது, துரு தெரிந்தது, நடவடிக்கை எடுத்தது. பார்த்தவரும் பாதிக்கப்பட்டவரும் முடிவெடுத்தவரும் ஒரே ஆள் என்பதால் எதுவும் தாமதமாகவில்லை. ஊர் மக்களுக்கு இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருந்தன.

தண்ணீரை எண்ணிய விதம்

அமெரிக்காவில் 1991 முதல் குடிநீர் ஈயத்துக்கென்று ஒரு கூட்டாட்சி விதி உண்டு. ஒரு நகரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வீடுகளில் மாதிரி எடுத்து, முடிவுகளைக் குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசைப்படுத்தி, 90 சதவீத இடத்தில் நிற்கும் எண்ணைப் பார்ப்பார்கள். அது 15 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் 15 பங்கு, என்ற அளவைத் தாண்டினால் நகரம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். கவனியுங்கள், மேலே உள்ள பத்து சதவீத வீடுகளில் எவ்வளவு இருந்தாலும் விதிக்கு அது பொருட்டில்லை. இது நகரத்தின் சுத்திகரிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் அளவுகோல், ஒவ்வொரு வீட்டுக் குழந்தையும் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது இல்லை. ஆனால் "தண்ணீர் பாதுகாப்பானது" என்று மக்களிடம் சொல்லும்போது இந்த எண்ணைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

2015-இன் முதல் ஆறு மாதங்களில் 71 மாதிரிகள் எடுக்கப்பட்டன. மாநிலச் சுற்றுச்சூழல் துறை அவற்றில் இரண்டைத் தள்ளிவிட்டது: ஒன்று வீடு அல்லாத கட்டடம், இன்னொன்று வடிகட்டி பொருத்திய வீடு. மீதி 69-இல் 90 சதவீத எண் 11 பிபிபி. அந்த இரண்டையும் சேர்த்திருந்தால் 15-ஐத் தாண்டியிருக்கும். விதிப்புத்தகத்தைக் காட்டி இரண்டையும் நீக்கக் காரணம் சொல்ல முடியும், அதுதான் இதில் என்னைத் தொந்தரவு செய்கிறது. மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைச் சில நிமிடம் திறந்து விடச் சொன்னார்கள் (தேங்கிய ஈயம் அதிலேயே போய்விடும்). ஈயக் குழாய் உள்ள வீடுகளில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் எந்த வீட்டில் ஈயக் குழாய் என்று நகராட்சிக்கே சரியாகத் தெரியாது, அதனால் ஈயக் குழாயே இல்லாத வீடுகளும் பட்டியலில் இருந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். எல்லாமே ஒரே திசையில், எண்ணைக் குறைக்கும் திசையில் சாய்ந்ததைத்தான் பார்க்க வேண்டும்.

தள்ளப்பட்ட அந்த வடிகட்டி வீடு லீஆன் வால்டர்ஸ் என்ற தாயுடையது. அங்கே 2015 பிப்ரவரியில் 104 பிபிபி, மார்ச்சில் 397. அவர் விடாமல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வரை போனார். அங்கிருந்த மிகெல் டெல் டோரல் என்ற அதிகாரி, ஃபிளிண்டில் அரிப்புத் தடுப்பே இல்லை என்று ஜூனில் ஒரு குறிப்பு எழுதினார். அப்புறம் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்பியது. ஊர் மக்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தந்து, திரும்பச் சேகரித்தார்கள். 250-க்கும் மேல் திரும்பி வந்தன. அரசாங்கம் ஆறு மாதத்தில் எடுத்ததைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான மாதிரியைச் சாதாரண மனிதர்கள் சில வாரங்களில் எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வந்த 90 சதவீத எண் ஏறக்குறைய 27.

இரத்தத்தை எண்ணிய விதம்

தண்ணீரில் ஈயம் இருப்பது ஒன்று, குழந்தையின் உடம்பில் அது ஏறியிருக்கிறது என்று காட்டுவது இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் அரசாங்கம் அசையாது என்பதை ஃபிளிண்ட் நிரூபித்தது.

2015 ஆகஸ்ட் கடைசியில், ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவிடம் அவருடைய பள்ளிக்காலத் தோழி எலின் பெட்டான்சோ, ஃபிளிண்ட் தண்ணீரில் அரிப்புத் தடுப்பு இல்லை, குழந்தைகளின் இரத்த ஈய அளவைப் பார் என்று சொன்னார். பெட்டான்சோ முன்பு கூட்டாட்சி முகமையில் வேலை பார்த்த குடிநீர் நிபுணர். மருத்துவர் முதலில் அரசுத் தரப்பிடம் தரவு கேட்டார், வரவில்லை. ஆனால் அந்த மாவட்டத்தின் பெரும்பாலான குழந்தைகளின் இரத்த மாதிரிகள் அவருடைய மருத்துவமனை ஆய்வகத்துக்குத்தான் வரும். மின்னணுப் பதிவும் இருந்தது. மாநிலத்தின் பெரிய கோப்புக்காகக் காத்திருக்காமல் கையில் இருந்ததை எடுத்தார்.

இனி ஒப்பீட்டைப் பார்ப்போம். குழந்தைகளின் இரத்த ஈய அளவு இயல்பாகவே கோடையில் ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். ஜன்னல் திறப்பது, வெளியே மண்ணில் விளையாடுவது என்று காரணங்கள் உண்டு. அதனால் முன் காலத்தையும் பின் காலத்தையும் ஒரே மாதங்களாக வைத்தார்கள்: 2013 ஜனவரி 1 முதல் செப்டம்பர் 15 வரை ஒன்று, 2015-இல் அதே தேதிகள் இன்னொன்று. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள ஃபிளிண்ட் குழந்தைகள் 1,473 பேர், தண்ணீர் மாறாத சுற்றுப்புறக் குழந்தைகள் 2,202 பேர். இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல், அதாவது உயர் அளவு, உள்ள குழந்தைகளின் பங்கு நகரத்தில் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. நகரத்துக்கு வெளியே 0.7-லிருந்து 1.2, புள்ளியியல் கணக்குப்படி அது மாற்றமாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. தண்ணீரில் ஈயம் அதிகமாக இருந்த வார்டுகளில் 4.0-லிருந்து 10.6.

இந்தக் கடைசி எண்ணுக்கு வருவதற்கு முன் ஒரு இடறல் இருந்தது. மாநிலத் துறை தன் கணக்கை ஜிப் கோடு வாரியாக, அதாவது அஞ்சல் குறியீட்டு வாரியாகப் போட்டுப் பார்த்து, பெரிய மாற்றம் இல்லை என்றது. ஜிப் கோடு என்பது தபால்காரர் போகும் பாதைக்காகப் போட்ட கோடு. நகராட்சி எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "ஃபிளிண்ட்" என்று முகவரி எழுதும் வீடுகளில் கணிசமானவை உண்மையில் நகராட்சிக்கு வெளியே, பக்கத்து டவுன்ஷிப்களில் (தனி உள்ளாட்சிப் பகுதிகளில்) இருந்தன. அவர்களுக்குப் பழையபடி டெட்ராய்ட் தண்ணீர் அல்லது வேறு தண்ணீர். ஆக, பாதிப்பே இல்லாத குழந்தைகளைப் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு சேர்த்து வகுத்தார்கள், சராசரி இறங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லர், அதே ஊர்க்காரர், ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, அது நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, எந்த வார்டில் இருக்கிறது என்று பிரித்தார். அதன் பிறகுதான் நகரத்தின் உயர்வு முழுசாகத் தெரிந்தது.

இதில் சமத்துவக் கேள்வி எங்கே வருகிறது என்று பாருங்கள். நகரத்துக்கு வெளியே போனவர்கள் பல பத்தாண்டுகளாக வெளியேறிய, வசதி கூடிய, பெரும்பாலும் வெள்ளையின மக்கள். உள்ளே மிஞ்சியவர்கள் ஏழைகள். வீடு வாங்குவதில், கடன் தருவதில், பள்ளி எல்லை போடுவதில் எல்லாம் அந்த எல்லைக்கோட்டை அவ்வளவு உறுதியாகக் காப்பாற்றிய சமூகம், குழந்தைகளின் இரத்தத்தை எண்ணும்போது மட்டும் கோட்டை அழித்துவிட்டு எல்லோரையும் ஒன்றாகக் கலந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஜிப் கோடு தரவுத்தளத்தில் ஏற்கனவே ஒரு பத்தியாக இருந்தது, சுலபமாகக் கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். முகவரியை வரைபடத்தில் பொருத்துவது கூடுதல் வேலை, அதைச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது. 2015 ஜூலையிலேயே மாநிலச் சுகாதாரத் துறைக்குள் இந்தத் தரவைப் பார்த்தார்கள். 2014-இன் கோடை மாதங்களில் ஃபிளிண்ட் குழந்தைகளிடம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது அவர்களின் வரைபடத்தில் தெரிந்தது. துறைக்குள்ளேயே ஒருவர் இதை இன்னும் ஆராய வேண்டும் என்று கருதினார். ஆனால் "கோடைக்கால ஏற்றம்தான்" என்ற விளக்கம் மேலே போனது. பருவகால ஏற்றம் என்பது உண்மையான விஷயம், அதனால்தான் அது அவ்வளவு வசதியான சாக்காகவும் ஆனது. முந்தைய கோடைகளோடு ஒப்பிட்டால் இந்தக் கோடை ஏன் அதிகம் என்ற அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

2015 செப்டம்பர் 24 அன்று மருத்துவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி முடிவுகளை வெளியிட்டார். ஆய்வு இதழில் வெளிவரவில்லை, வெளி நிபுணர்கள் சரிபார்க்கவில்லை, கல்வி உலகில் இது முறைகேடு என்று பலர் முகம் சுளிக்கும் காரியம். ஒரு வருடம் காத்திருந்து இதழில் போட்டிருந்தால் முறைப்படி இருந்திருக்கும், குழந்தைகள் அந்த வருடமும் அதே தண்ணீரைக் குடித்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி, ஆனால் அது சரியாக இருந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டும் அல்ல. ஒப்பீட்டுக் குழுவும் ஒரே மாதங்களும் ஏற்கனவே கணக்கில் இருந்தன, அதனால் அடி வாங்கியும் நின்றது. அடி நன்றாகவே விழுந்தது. மாநிலத் தரப்பு எங்கள் தரவு அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தது, ஊரில் பீதி கிளப்புவதாகச் சொன்னது. ஒரு வாரம் கழித்து, தங்கள் தரவையே மறுபடி பிரித்துப் பார்த்தபோது அதே முடிவு வந்ததை ஒப்புக்கொண்டது. அக்டோபர் 1 அன்று மாவட்டச் சுகாதாரத் துறை அவசரநிலை அறிவித்தது, அக்டோபர் 16 அன்று ஊர் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. ஆய்வு இதழில் அந்த டிசம்பரில் வெளிவந்தது.

அதே தரவு, வேறு முடிவு

இது இத்தோடு தீர்ந்த கதை என்று நினைத்தால், 2018-இல் அதே ஹர்லி மருத்துவமனையில் பணியாற்றிய ஹெர்னான் கோமஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் வேறு ஆய்வு வெளியிட்டார்கள். பதினோரு ஆண்டுத் தரவு, சராசரி அளவு. 2006-இல் 2.33 மைக்ரோகிராமாக இருந்தது 2016-இல் 1.15-க்கு இறங்கியிருக்கிறது, தண்ணீர் மாறிய காலத்தில் 1.19-லிருந்து 1.30-க்கு ஒரு சின்ன ஏற்றம், அவ்வளவுதான் என்றது. ஊர் முழுக்க நஞ்சூட்டப்பட்ட குழந்தைகள் என்ற பேச்சு குழந்தைகளுக்கே கெடுதல் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால் "தண்ணீரால்தான்" என்று ஆசிரியரும் கைவிட்டுவிடும் ஆபத்து உண்மையானது.

ஆனால் சராசரி என்பது எல்லோரையும் சமமாகப் பார்ப்பது போலத் தோன்றி, அதிகம் அடி வாங்கியவரை மறைத்துவிடும். பத்து ஆண்டுக் கோட்டில் பார்த்தால் மேடு சின்னது. தண்ணீர் மோசமான வார்டில் மட்டும் பார்த்தால் எல்லையைத் தாண்டிய குழந்தைகள் இரண்டரை மடங்குக்கு மேல். கூட்டாட்சி நோய்க் கட்டுப்பாட்டு மையம் தனியாகப் போட்ட கணக்கிலும், ஆற்றுத் தண்ணீர் காலத்தில் ஒரு குழந்தைக்கு உயர் அளவு இருக்கும் வாய்ப்பு முன்பைவிட 46 சதவீதம் அதிகம் என்று வந்தது. இரண்டு தரப்பு எண்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

தரவின் இன்னொரு ஓட்டையைப் பற்றி இரண்டு தரப்புமே அதிகம் பேச முடியாது, ஏனென்றால் அது தரவில் இல்லை. இரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும், எலும்புக்குப் போய்விடும். பரிசோதனை வழக்கமாக ஒரு வயதிலும் இரண்டு வயதிலும்தான் நடக்கும். பழைய வண்ணப்பூச்சிலிருந்து வரும் ஈயத்துக்கு அது பொருத்தம், குழந்தை தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயது அது. தண்ணீரில் வரும் ஈயம் யாரைத் தாக்கும்? குழாய்த் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் சில மாதக் குழந்தையை, அப்புறம் கர்ப்பிணியை. அந்தக் குழந்தைக்கு ஒரு வயது ஆகிப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது உச்சம் கடந்து போயிருக்கும். பரிசோதனை முறையே வேறு ஒரு பிரச்சினைக்காகத் தைத்த சட்டை, இதற்கு அளவு பொருந்தவில்லை. அதனால் 4.9 என்பதும் 10.6 என்பதும் குறைத்துக் காட்டும் எண்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈயம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2014, 2015 இரண்டு ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 90 பேருக்கு லெஜியோனேயர் என்னும் நுரையீரல் நோய் வந்து 12 பேர் இறந்தார்கள். அதிகாரிகளுக்கு அந்த எண்ணிக்கை தெரிந்திருந்தும் மக்களுக்கு 2016 ஜனவரியில்தான் சொன்னார்கள். அது தனி ஆய்வுக்குரிய விஷயம்.

மண்ணுக்கடியில் எண்ணியது

தண்ணீரை மாற்றியாகிவிட்டது, சரி, குழாய்கள்? பிரதானக் குழாயிலிருந்து வீட்டுக்குப் போகும் இணைப்பு எங்கெல்லாம் ஈயம், எங்கெல்லாம் செம்பு என்று தெரிய வேண்டும். நகராட்சியிடம் 45,000-க்கும் மேற்பட்ட அட்டைகள் இருந்தன, பல தலைமுறை ஊழியர்கள் பென்சிலில் எழுதியவை. கையால் குறித்த பழைய வரைபடங்களும் இருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளிண்ட் வளாகத்தினர் அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு பார்த்தால், அட்டை ஒன்று சொல்கிறது, தோண்டினால் வேறு வருகிறது.

அதே பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் அபர்னதியும் எரிக் ஷ்வார்ட்ஸும் இங்கேதான் வருகிறார்கள். வீடு கட்டிய ஆண்டு, இருக்கும் இடம், வீட்டின் மதிப்பு, அட்டையில் எழுதியிருப்பது, இதுவரை தோண்டிய வீடுகளில் கிடைத்தது எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு வீட்டிலும் ஈயக் குழாய் இருக்கும் சாத்தியம் எவ்வளவு என்று கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றை, அதாவது கிடைத்த பதில்களிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினிக் கணக்கு முறையை, உருவாக்கினார்கள். ஒவ்வொரு முறை தோண்டும்போதும் கிடைத்த பதில் மாதிரிக்குள் திரும்பப் போகும், கணிப்பு கூர்மையாகும். முழுதாகத் தோண்டாமல், தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை உறிஞ்சி ஒரு சிறிய குழி மட்டும் போட்டு உலோகத்தைப் பார்க்கும் வண்டியையும் பயன்படுத்தினார்கள். 2017-இல் தோண்டிய வீடுகளில் பத்துக்கு ஏழில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது.

2018-இல் திட்டத்தை நடத்த ஒரு பெரிய பொறியியல் நிறுவனம் வந்தது, கணிப்பு மாதிரி கைவிடப்பட்டது. தெருத் தெருவாக எல்லா வீட்டையும் தோண்டினார்கள். அந்த ஆண்டு 10,500-க்கும் மேல் தோண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதத்தில்தான் ஈயம். பணமும் காலமும் செம்புக் குழாயைப் பார்த்துவிட்டு மண்ணைத் திரும்ப மூடுவதில் போனது.

பொதுவாக இந்த இடத்தில் கதையை "பார்த்தீர்களா, அறிவியலைக் கேட்காமல் போனார்கள்" என்று முடித்துவிடுவார்கள். நான் கொஞ்சம் நிற்கிறேன். மக்கள் ஏன் எல்லா வீட்டையும் தோண்டச் சொன்னார்கள்? பக்கத்து வீட்டுக்கு ஆட்கள் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போகிறார்கள், உங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். கேட்டால், உங்கள் வீட்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு குறைவு என்று ஒரு கணினி சொல்கிறது என்கிறார்கள். மூன்று வருடம் முன்பு, 90 சதவீத எண் 11-தான், தண்ணீர் பாதுகாப்பானது என்று சொன்னதும் எண்தானே? அந்த ஊர்க்காரருக்கு எண்களை நம்பாமல் இருக்க நல்ல காரணம் இருந்தது. மேயருக்கும் நகர மன்றத்துக்கும் அந்த அழுத்தம் தெரிந்தது, எல்லோருக்கும் தோண்டுவதுதான் நியாயம் என்று அவர்களுக்குப் பட்டது. நியாயம் பற்றி இரண்டு கணக்குகள் இங்கே மோதின: எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துவது ஒன்று, ஆபத்து அதிகம் உள்ளவருக்கு முதலில் செய்வது இன்னொன்று. முதல் வழியில் போனதால் ஈயக் குழாய் உண்மையில் இருந்த வீடுகள் இன்னும் அதிக காலம் காத்திருந்தன, அவை பழைய வீடுகள், மதிப்புக் குறைந்த வீடுகள். சமமாக நடத்தியதன் சுமை ஏழை வீட்டின் மேல் விழுந்தது.

எனக்குத் தோன்றுவது, மாதிரியை உருவாக்கியவர்களும் திட்டத்தை நடத்தியவர்களும் "வாய்ப்பு குறைவு" என்று வந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, அவருக்கு எப்போது உறுதி கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். 15 சதவீத வாய்ப்பு என்பது பொறியாளருக்கு "அப்புறம் பார்க்கலாம்", தாய்க்கு அது பயம். கணிப்பு என்பது வரிசையைத்தான் முடிவு செய்கிறது, உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வருவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் எதிர்ப்பு இவ்வளவு இருந்திருக்காது. மக்கள் அமைப்புகள் போட்ட வழக்கில் 2017-இல் வந்த உடன்பாட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள், 2019-இல் நகரம் கணிப்பு மாதிரிக்குத் திரும்பச் சம்மதித்தது. ஈயம் கிடைக்கும் விகிதம் மறுபடி ஏறியது. மாதிரியைத் திரும்பக் கொண்டுவர வழக்கில் நின்றவர்கள் ஊரின் போதகர்களும் குடியிருப்பவர்களும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை இல்லை என்று சொல்லப்பட்ட அதே மக்கள்தான், விவரம் கையில் இருந்தபோது, கணிப்பைக் கேட்டு வாங்கினார்கள்.

2025 ஜூலையில், ஏறக்குறைய 11,000 ஈயக் குழாய்களை மாற்றி முடித்துவிட்டதாக மாநிலம் நீதிமன்றத்தில் அறிக்கை தந்தது. வீட்டுக்குள் இருக்கும் பழைய பித்தளைக் குழாய்முனைகளும் ஈயப் பற்றவைப்பும் அந்தக் கணக்கில் வராது.

எண்ணிய பிறகு

பாதிப்பை எண்ணுவதோடு நிறுத்தாமல் எண்ணப்பட்டவருக்கு ஏதாவது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் பார்வையில் இந்த மாதிரித் திட்டங்களுக்கு உண்மையான சோதனை. ஃபிளிண்டில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் பெயரைச் சேர்த்தால் கண் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, ஆரம்பக் கல்வி, சத்துணவு என்று தேவையான சேவைக்கு அனுப்புவார்கள். வெறும் ஆராய்ச்சிக் கோப்பாக இருந்திருந்தால் மக்கள் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2024 ஜனவரியில் மருத்துவர் ஹன்னா-அட்டிஷா முன்னின்று இன்னொரு திட்டம் வந்தது: ஃபிளிண்டில் கர்ப்பிணிகளுக்கு 1,500 டாலர், குழந்தை பிறந்து முதல் வருடம் மாதம் 500 டாலர், வருமானச் சான்று கேட்பதில்லை. ஈயத்துக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், மேலே சொன்ன வார்டு வரைபடத்தையும் வறுமை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதே வேலையை வேறு ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான், எல்லை. பாதிப்பு எந்த வழியாகப் பரவுகிறதோ அந்த வழியின் எல்லையில் எண்ணுங்கள். தண்ணீர் என்றால் குழாய் வலையமைப்பு, புகை என்றால் காற்று வீசும் திசை. தபால் எல்லையோ தேர்தல் எல்லையோ கோப்பில் தயாராக இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். முகவரி அளவுக்கு இறங்கினால் தனிநபர் ரகசியம் என்ற சிக்கல் வரும், வரத்தான் செய்யும். ஃபிளிண்டில் முகவரிகளை ஆய்வுக் குழுவுக்குள் மட்டும் வைத்து, வெளியே வார்டு அளவில் காட்டினார்கள், அது போதுமானதாக இருந்தது.

2024 அக்டோபரில் வந்த புதிய கூட்டாட்சி விதி, 15 என்ற அளவை 10-ஆகக் குறைத்தது, நாடு முழுக்கப் பெரும்பாலான ஈய இணைப்புகளைப் பத்து ஆண்டுகளில் மாற்றச் சொன்னது. குடிநீர் நிறுவனங்கள் ஒவ்வொரு இணைப்பின் உலோகத்தையும் பட்டியலிட வேண்டும். அதில் "தெரியாது" என்று ஒரு வகை உண்டு. தெரியாத இணைப்புகளையும் மாற்ற வேண்டியவற்றின் கணக்கில் சேர்த்தே வைக்க வேண்டும், அது ஈயம் இல்லை என்று நிறுவனம்தான் நிரூபித்து வெளியே எடுக்க வேண்டும், அதுவரை அந்த வீட்டுக்கு வருடாவருடம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். விதியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 2015-இல் ஃபிளிண்டில் தெரியாத வீடு கணக்கிலிருந்து வெளியே போனது, இப்போது தெரியாத வீடு உள்ளே நிற்கிறது, அதை வெளியே எடுக்கும் செலவு நிறுவனத்துடையது.